குழந்தை வர்றதுக்கு முன்னாடி கத்துக்க வேண்டிய அறுபது வார்த்தை

தத்தெடுக்கலாம்னு இருக்கோம்னு எங்க வீட்டுக்கு வந்து பேசுறவங்க பெரும்பாலும் ஃபைல் பத்திதான் கேப்பாங்க, என்ன பேப்பர் வேணும், எவ்ளோ செலவு, எத்தனை வருஷம் ஆகும்னு. அதெல்லாம் சொல்றேன், சொல்லணும். ஆனா எங்க பொண்ணு 2023ல ஒடிசாலேர்ந்து பெங்களூர் விவேக் நகர்ல இருக்குற இந்த வீட்டுக்கு வந்தப்போ அவளுக்கு நாலரை வயசு, ஒடியா தவிர வேற பாஷை தெரியாது, வீட்ல நாங்க பேசுறது தமிழ், தெருவுல கன்னடம், அடுத்து ஸ்கூல்ல இங்கிலீஷ். அன்னைக்கு ராத்திரி ஃபைல்ல இருந்த ஒரு பேப்பர் கூட எங்களுக்கு உதவல. உதவுனது நாப்பது பக்க நோட்டுல எழுதி வெச்சிருந்த அறுபது ஒடியா வார்த்தை. அதனால சட்டத்தையும் சொல்றேன், அந்த நோட்டு பத்தியும் சொல்றேன்.

வெளிநாட்டுலேர்ந்து எடுக்கலாமா

பெங்களூர்ல நம்ம ஆளுங்க நிறைய பேர் கேக்குற கேள்வி இது. இலங்கைல சொந்தத்துல ஒரு குழந்தை இருக்கு, நேபாளத்துல தெரிஞ்சவங்க சொன்னாங்க, கூட்டிட்டு வந்துடலாமான்னு. முடியும், ஆனா கூட்டிட்டு வந்துட்டு அப்புறம் பேப்பர் போடுறதுங்கிற பேச்சே கிடையாது. குழந்தை எந்த நாட்டுல இருக்கோ அந்த நாட்டு சட்டப்படி அங்கதான் தத்து நடைமுறை முதல்ல முடியணும். நம்ம பக்கம் ஹோம் ஸ்டடி ரிப்போர்ட்டும் (சமூக சேவகர் வீட்டுக்கு வந்து உங்கள பத்தி எழுதுறது) மத்த பேப்பரும் காராவுக்கு போகணும், காரான்னா டெல்லில இருக்குற மத்திய தத்தெடுப்பு ஆணையம், பெண்கள் குழந்தைகள் நல அமைச்சகத்துக்கு கீழ வருது. நாடு விட்டு நாடு தத்தெடுக்குறதுக்காக 1993ல போட்ட ஹேக் ஒப்பந்தத்தை இந்தியா 2003ல ஏத்துக்கிச்சு, அந்த ஒப்பந்தத்துல இருக்குற நாடுன்னா ரெண்டு நாட்டு ஆணையமும் ஒண்ணுக்கொண்ணு எழுதி சம்மதம் குடுத்தாதான் நகரும். இலங்கை அதுல இருக்கு. நேபாளம் கையெழுத்து போட்டுச்சு, முழுசா ஏத்துக்கல. குழந்தைகிட்ட அந்த நாட்டு பாஸ்போர்ட்தான் இருக்கும்ங்கிறதால அங்க இருக்குற நம்ம தூதரகத்துல விசா வாங்கணும், அந்தத் தூதரகம் வழியாவே உள்துறை அமைச்சகத்தோட வெளிநாட்டவர் பிரிவு அனுமதியும் வரணும். இந்திய குடியுரிமை தானா வந்துடாது, அதுக்கு தனியா பதிவு பண்ணணும். இவ்ளோ படி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நாட்டு ஆஃபீஸ். ஏற்கனவே உங்களுக்கும் அந்த குழந்தைக்கும் ஒரு உறவு இருந்தா இந்த வழில போங்க. எந்த குழந்தைனாலும் சரி, ஒரு குழந்தை வேணும்னா நம்ம நாட்டுலயே பதிவு பண்ணுங்கன்னுதான் சொல்வேன். ஏன்னா கொழும்புலேர்ந்து வந்தாலும் கட்டாக்லேர்ந்து வந்தாலும் அந்த குழந்தைக்கு அது வேற தேசம்தான். வாசனை வேற, சாப்பாடு வேற, பேச்சு வேற.

பதிவு பண்றது

காரா வெப்சைட்ல நீங்களே பதிவு பண்ணலாம், நடுவுல ஆள் தேவையில்ல, இத நல்லா மனசுல வெச்சுக்கோங்க. கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆயிருக்கணும், ரெண்டு பேருக்கும் சம்மதம் இருக்கணும். தனியா இருக்குற பொண்ணுங்க ஆண் குழந்தை பெண் குழந்தை ரெண்டும் எடுக்கலாம், தனியா இருக்குற ஆம்பளைக்கு பெண் குழந்தை கிடையாது. ஏற்கனவே ரெண்டு பிள்ளைங்க இருந்தா சாதாரண வரிசை கிடையாது, சிறப்புத் தேவை இருக்குற குழந்தைங்க, ரொம்ப நாளா வீடு கிடைக்காத குழந்தைங்கதான்.

வயசு கணக்கு நிறைய பேருக்கு அதிர்ச்சியா இருக்கும். புருஷன் பொண்டாட்டி வயச கூட்டி பாப்பாங்க. ரெண்டு வயசு வரைக்கும் உள்ள குழந்தைன்னா கூட்டு வயசு 85க்குள்ள, ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் 90, நாலுலேர்ந்து எட்டு வரைக்கும் 100, அதுக்கு மேல 110. தனி ஆளுக்கு இதே வரிசைல 40, 45, 50, 55. குழந்தைக்கும் உங்க ரெண்டு பேர் ஒவ்வொருத்தருக்கும் 25 வருஷமாச்சும் வித்தியாசம் இருக்கணும். எங்களுக்கு கூட்டுனா 92 வந்துச்சு. கைக்குழந்தைய மனசுல வெச்சு பல வருஷம் ஓட்டிட்டு, பதிவு பண்ற அன்னைக்குதான் இது தெரிஞ்சுது, நான் ஒரு வாரம் அழுதேன். இப்போ அவள பாக்கும்போது அந்த 92க்கு சாமி கும்பிடுறேன். நீங்க யோசிச்சிட்டு இருக்கீங்கன்னா இந்த கணக்க இன்னைக்கே போட்டு பாருங்க.

பேப்பர் இதெல்லாம்: பான் கார்டு, பிறந்த தேதிக்கு ஆதாரம், விலாச ஆதாரம், வருமான ஆதாரம், கல்யாண சர்டிஃபிகேட், குடும்ப ஃபோட்டோ, பெரிய தொத்து வியாதி உயிருக்கு ஆபத்தான வியாதி இல்லைன்னு டாக்டர் சர்டிஃபிகேட், உங்கள தெரிஞ்ச ரெண்டு பேர் குடுக்குற லெட்டர். பதிவு பண்ண 30 நாளுக்குள்ள எல்லாம் ஏத்திடணும், அதனால மொதல்ல பேப்பர சேத்துட்டு அப்புறம் பதிவு பண்ணுங்க. கல்யாண சர்டிஃபிகேட்தான் மாட்டும், எங்களது வேலூர்ல நடந்த கல்யாணம், பதிவே பண்ணல, அதுக்கே ரெண்டு தடவ ஊருக்கு போயிட்டு வந்தோம். எந்த மாநிலத்துக் குழந்தைன்னு விருப்பம் குறிக்க இடம் இருக்கு, அங்க தமிழ்நாடு கர்நாடகா மட்டும்னு அடம் பிடிக்காதீங்க.

ஹோம் ஸ்டடி

பேப்பர் ஏறுனதுலேர்ந்து 60 நாளுக்குள்ள ஒரு சமூக சேவகர் வீட்டுக்கு வரணும்னு விதி. வர்றவங்க வீடு பெருசா சின்னதான்னு அளக்க வரல, எங்களுது ரெண்டு ரூம் வாடகை வீடுதான். உங்களுக்குள்ள சண்டை வந்தா எப்படி தீத்துக்குவீங்க, குழந்தை இல்லாத வருத்தத்த எப்படி தாங்குனீங்க, அத்தை மாமா என்ன சொல்றாங்க, நாளைக்கு குழந்தை பெத்த அம்மாவ பத்தி கேட்டா என்ன சொல்வீங்கன்னு கேப்பாங்க. பரீட்சை மாதிரி பதில் மனப்பாடம் பண்ணி சொல்லாதீங்க. ஒரு வியாதியோட இருக்குற குழந்தைய பாத்துக்க முடியாதுன்னா இப்பவே முடியாதுன்னு சொல்லுங்க, வீட்ல பெரியவங்களுக்கு முழு சம்மதம் இல்லைன்னா அதையும் சொல்லுங்க. இங்க பொய் சொல்லி வாங்குன குழந்தைய ஆறு மாசத்துல திருப்பி கொண்டு போய் விட்ட வீடுங்க இருக்கு. ஏற்கனவே ஒரு தடவ எல்லாத்தையும் இழந்த பிள்ளைக்கு ரெண்டாவது தடவயும் அதையே பண்றது, இத நெனச்சாலே எனக்கு வயிறு கலங்கும்.

இந்த ரிப்போர்ட் மூணு வருஷத்துக்கு செல்லும். செலவு, ஹோம் ஸ்டடிக்கு 6,000 ரூபாய், குழந்தைய எடுக்கும்போது அத அதுவரைக்கும் பாத்துக்கிட்ட தத்து ஏஜென்சிக்கு 50,000 ரூபாய், அப்புறம் வீட்டுக்கு வந்து பாக்குற ஒவ்வொரு தடவைக்கும் 2,000. இதுதான் சட்டப்படி, ரசீதோட. ஆஸ்பத்திரில ஒரு குழந்தை இருக்கு, அஞ்சு லட்சம் குடுத்தா பிறப்பு சர்டிஃபிகேட்டே உங்க பேர்ல வாங்கி தர்றோம்னு யாராச்சும் சொன்னா அது தத்து இல்ல, குழந்தைய விலைக்கு வாங்குறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015 படி வித்தவருக்கும் வாங்குனவருக்கும் அஞ்சு வருஷம் வரைக்கும் கடுங்காவல் இருக்கு, ஒரு லட்சம் அபராதம் இருக்கு. 2021ல கோவிட் ரெண்டாவது அலைல அம்மா அப்பா போன குழந்தைங்க இருக்கு உடனே எடுத்துக்கோங்கன்னு வாட்ஸ்அப்ல சுத்துன மெசேஜ் ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி எது வந்தாலும் ஃபார்வர்ட் பண்ணாம குழந்தைங்க உதவி நம்பர் 1098க்கு ஃபோன் பண்ணுங்க.

காத்திருக்குற காலம்

சின்னக் குழந்தைன்னா மூணு வருஷத்துக்கு மேல ஆகும்னு எடுத்துக்கோங்க, கொஞ்சம் பெரிய குழந்தைன்னா சீக்கிரம் வரலாம். எங்களுக்கு ரெண்டு வருஷம். வரிசைல நம்பர் நகருதான்னு தினமும் வெப்சைட்ட தொறந்து பாக்குற பழக்கம் எல்லாருக்கும் வரும், அத விட்டுட்டு இந்த நேரத்துல வேற ஒண்ணு பண்ணலாம். குழந்தை வரக்கூடிய மாநிலங்க எதெதுன்னு ஓரளவு தெரியும்ல, அந்த பாஷைக்காரங்க பெங்களூர்ல எங்கயும் இருக்காங்க. எங்க பில்டிங்குக்கு வர்ற பிளம்பர் ஒடிசா கேந்திரபாரா ஜில்லாக்காரர், அந்த ஜில்லாலேர்ந்து இந்தியா முழுக்க பிளம்பருங்க போயிருக்காங்க. ரெஃபரல் வந்த அன்னைக்கே, அதாவது இந்த குழந்தைய எடுத்துக்குறீங்களான்னு விவரம் வந்த அன்னைக்கே, அவருக்கு ஃபோன் பண்ணோம், அவர் ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்து ஒவ்வொரு வார்த்தையா சொல்ல சொல்ல நான் தமிழ்ல எழுதிக்கிட்டேன்.

அவர்கிட்ட நாங்க கேட்டது பொருளோட பேர் இல்ல. ஒரு குழந்தை ராத்திரி பயத்துல சொல்லக்கூடிய வார்த்தைங்களும், அதுக்கு நாம சொல்ல வேண்டிய பதிலும்தான். பாணின்னா தண்ணி. போக லாகுச்சின்னா பசிக்குது. சோஇபின்னா நான் தூங்கப் போறேன். ஆஸன்னா வா. வலிக்குது, ஒண்ணுக்கு வருது, லைட்ட அணைக்காதீங்க, யாரு அடிச்சா, நான் இங்கதான் இருக்கேன், பயப்படாத. இதெல்லாம் தெரியாம ஒரு குழந்தைய வீட்டுக்கு கூட்டிட்டு வர்றது எனக்கு சரியா படல. குழந்தை நம்ம பாஷைய மூணு மாசத்துல கத்துக்கும்னு எல்லாரும் சொல்வாங்க, கத்துக்கும்தான், ஆனா அந்த மூணு மாசம் நாம அதோட பாஷைல கொஞ்சமாச்சும் இருக்கணும்.

ரெஃபரல் வந்ததும்

ஃபோட்டோ, குழந்தையோட கதை, மெடிக்கல் ரிப்போர்ட் மூணும் வரும், 48 மணி நேரத்துக்குள்ள ரிசர்வ் பண்ணணும். மொத்தம் மூணு ரெஃபரல் வரைக்கும் கிடைக்கும். ஃபோட்டோவ பாத்து முடிவு பண்ணாதீங்க. குழந்தைங்க டாக்டர் ஒருத்தர முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க, ரிப்போர்ட்ட அன்னைக்கே காட்டுங்க, எடை உயரம் தலைச் சுற்றளவு எல்லாம் எந்த தேதில எடுத்ததுன்னு பாக்க சொல்லுங்க. சின்னதா இருக்கு, ரத்தம் கம்மி, பேச்சு லேட்டு, இதெல்லாம் நிறைய குழந்தைங்களுக்கு இருக்கும், வீட்டுச் சாப்பாட்டுலயும் மடிலயும் பாதி சரியாயிடும். அந்த ஃபோட்டோவ சொந்தக்காரங்க குரூப்ல போடாதீங்க, குழந்தை யாருன்னு வெளிய தெரியுற மாதிரி பண்றதே சட்டப்படி தப்பு.

அப்புறம் நேர்ல போய் பாக்கணும். ஒரு நாள்ல போயிட்டு கூட்டிட்டு வர்ற மாதிரி டிக்கெட் போடாதீங்க. நாங்க அஞ்சு நாள் தங்குனோம், தினமும் போய் ரெண்டு மணி நேரம் அவ பக்கத்துல சும்மா தரைல உக்காந்தோம். மூணாவது நாள் அவளே வந்து என் வளையல தொட்டா. அங்க இருக்குற ஆயாம்மாகிட்ட கேக்க வேண்டியது நிறைய இருக்கு: எத்தனை மணிக்கு சாப்பாடு, எந்தப் பக்கம் திரும்பி படுப்பா, யாரோட படுப்பா, என்ன பாட்டு பாடுவாங்க, எதுக்கு பயப்படுவா. அவளுக்கு பிடிச்ச அக்கா தம்பி யாருன்னு கேட்டு அவங்க கூட ஒரு ஃபோட்டோ அனுமதி வாங்கி எடுத்துக்கோங்க. வரும்போது போட்டிருக்குற துணிய கேட்டு வாங்கிட்டு வாங்க, ரொம்ப முக்கியம், ஒரு மாசத்துக்கு அத துவைக்காதீங்க. அந்த வாசனைதான் அவளுக்கு தெரிஞ்ச ஊரு.

சம்மதம் போட்டதும் உத்தரவுக்கு முன்னாடியே வளர்ப்புப் பராமரிப்புல குழந்தைய வீட்டுக்கு கூட்டிட்டு வரலாம். தத்து உத்தரவ 2022 செப்டம்பர்லேர்ந்து கோர்ட் குடுக்குறதில்ல, மாவட்ட ஆட்சியர் குடுக்குறார், அதுவும் ஏஜென்சி இருக்குற மாவட்டத்து ஆட்சியர், நம்ம பெங்களூர் ஆட்சியர் இல்ல. மனு போட்டதுலேர்ந்து ரெண்டு மாசத்துக்குள்ள குடுக்கணும். அந்த உத்தரவ வெச்சு உங்க பேர் போட்ட பிறப்பு சர்டிஃபிகேட் வாங்கணும், ஸ்கூலுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அதுதான்.

முதல் ஒரு மாசம்

விசேஷம் வைக்காதீங்க. நான் பண்ண தப்பு இது. அஞ்சாவது நாள் சொந்தக்காரங்க முப்பது பேர கூப்ட்டேன், சந்தோஷம் தாங்கல, எல்லாருக்கும் காட்டணும். ஆளாளுக்கு தூக்குனாங்க, கன்னத்த கிள்ளுனாங்க, அவ அழவே இல்ல, எவ்ளோ சமத்துன்னு எல்லாரும் சொன்னாங்க. எல்லாரும் போனதுக்கப்புறம் வாஷிங் மெஷினுக்கும் சுவத்துக்கும் நடுவுல போய் உக்காந்தவ ரெண்டு மணி நேரம் வெளிய வரல. அழாத குழந்தை சமத்துக் குழந்தை இல்லைங்க, அழுதா யாராச்சும் வருவாங்கன்னு நம்பிக்கை இல்லாத குழந்தை. யார் கூப்ட்டாலும் போகுற குழந்தையும் அப்படித்தான். அதனால முதல் சில வாரம் சோறு ஊட்டுறது, குளிப்பாட்டுறது, தூங்க வைக்கிறது எல்லாம் அம்மா அப்பா மட்டும் பண்ணுங்க, பாட்டிக்கு ஆசையா இருந்தாலும் கொஞ்ச நாள் பொறுத்துக்க சொல்லுங்க.

சாப்பாடு விஷயத்துல எங்க அத்தைக்கு நான் காலம் பூரா கடமைப்பட்டிருக்கேன். இட்லி சாம்பார், தோசை, பருப்பு சாதம் எதையும் அவ தொடல, ரெண்டு நாள் பிஸ்கட்டும் வாழைப்பழமும்தான். பிளம்பர் அண்ணன்கிட்ட கேட்டேன், பக்காள குடுங்கன்னார். பக்காள என்னன்னா ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தி காலைல சாப்பிடுறது. நம்ம பழைய சோறு! அத்தை கேட்டுட்டு ஒண்ணும் பேசாம அன்னைக்கு ராத்திரியே தண்ணி ஊத்தி வெச்சாங்க, காலைல சின்ன வெங்காயம், வதக்குன உருளைக்கிழங்கு. அவ கிண்ணத்த ரெண்டு கையால பிடிச்சு தண்ணி வரைக்கும் குடிச்சா. முழுசா வேற பாஷை, வேற ஊர்னு நாம நெனைக்குற இடத்துல கூட இப்படி ஒரு கிண்ணம் இருக்கும், அது என்னன்னு தேடி கண்டுபிடிக்கிறதுதான் உங்க வேலை.

தலகாணிக்கு கீழ சப்பாத்தி, பாவாடை மடிப்புல முறுக்கு, இப்படி ஒளிச்சு வெக்குறது ரொம்ப சகஜம். திட்டாதீங்க, திருட்டுன்னு சொல்லாதீங்க. கை எட்டுற இடத்துல ஒரு டப்பா வெச்சு, இது எப்பவும் நிறைஞ்சிருக்கும்னு காட்டுங்க, நிஜமாவே எப்பவும் நிறைச்சு வைங்க. எங்க வீட்ல ஏழு மாசம் ஆச்சு அது நிக்க.

தனி ரூம், தனி கட்டில், சுவத்துல பொம்மை எல்லாம் அப்புறம். இருபது குழந்தைங்களோட தூங்கி பழகுனவளுக்கு தனியா இருட்டுல படுக்குறது கொடுமை. பாய் போட்டு மூணு பேரும் ஒண்ணா தரைல படுங்க, சின்ன லைட் எரியட்டும். அப்பாங்களுக்கு ஒரு வார்த்தை: இல்லங்கள்ல பாத்துக்குறவங்க பெரும்பாலும் பொம்பளைங்க, நிறைய குழந்தைங்களுக்கு ஆம்பளைக் குரலே புதுசு. எங்க வீட்டுக்காரர் மூணு வாரம் தள்ளியே உக்காந்து, அவள பாக்காம தரைல ரயில் ஓட்டிட்டு இருந்தார், மனசு வலிச்சிருக்கும், காட்டிக்கல. இருபத்திரெண்டாவது நாள் அவ போய் ஒரு பெட்டிய எடுத்து ரயில்ல மாட்டுனா.

டாக்டர்கிட்ட ரெண்டு வாரத்துக்குள்ள ஒரு முழு செக்கப் போங்க. ரத்தம், பூச்சி, ஹெபடைடிஸ் பி, ஹெச்ஐவி, தைராய்டு, சிக்கிள் செல், தலசீமியா, காது, கண்ணு, பல்லு. வந்த ரிப்போர்ட்ல எல்லாம் இருந்தாலும் நாம ஒரு தடவ பாத்துடணும், தடுப்பூசி கார்டையும் காட்டுங்க. வயசு கூட சில குழந்தைங்களுக்கு டாக்டர் குறிச்ச உத்தேச வயசுதான், அதனால ஸ்கூல்ல ஒரு கிளாஸ் கீழ சேத்தா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. பாஷையும் அப்படித்தான், புது பாஷைன்னா முதல்ல வீட்ல தமிழ் மட்டும் ஊறட்டும், கன்னடம் தெருவுல தானா வரும், இங்கிலீஷ் எங்கயும் ஓடிப் போகாது. லீவு விஷயத்த ஆஃபீஸ்ல முன்னாடியே எழுதிக் கேட்டு எழுத்துல பதில் வாங்கிக்கோங்க, ஏன்னா ரெஃபரல் வந்தா எல்லாம் வேகமா நடக்கும்.

பெத்த அம்மா

முதல் நாள்லேர்ந்தே உண்மைய சொல்லுங்க. பெரியவளானதும் சொல்லலாம்னா அதுக்குள்ள பக்கத்து வீட்டு அக்கா சொல்லிடுவாங்க. கோயில்ல கண்டெடுத்தோம், சாமி குடுத்துச்சுன்னு கதை கட்டாதீங்க. உன்ன பெத்த அம்மா ஒருத்தங்க இருக்காங்க, அவங்களால வளக்க முடியல, ஏன்னு எங்களுக்கு தெரியல, தெரிஞ்சத எல்லாம் இந்த பெட்டில வெச்சிருக்கோம், அவ்ளோதான். நிஜ அம்மா, சொந்த அம்மாங்கிற வார்த்தைய வீட்ல யாரும் சொல்ல விடாதீங்க. அதே மாதிரி, இந்த பிள்ளை குடுத்து வெச்சது, நீங்க எவ்ளோ நல்லவங்கன்னு யாராச்சும் அவ எதிர்ல சொன்னா அங்கயே நிறுத்துங்க, ஒரு குழந்தை நன்றியோட வளரக்கூடாது, உரிமையோட வளரணும். 18 வயசுக்கு மேல தன்னோட பிறப்ப பத்தின விவரம் கேக்க அவளுக்கே உரிமை இருக்கு, அதனால உத்தரவு, ரிப்போர்ட், ஃபோட்டோ எல்லாத்தையும் பத்திரமா வைங்க. அவளோட பழைய பேர மாத்தாதீங்க, மாத்தியே ஆகணும்னா அதையும் நடுப்பேரா வைங்க, அது அவ கூட கொண்டு வந்த ஒரே சொத்து.

ரெண்டு வருஷத்துக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவ சமூக சேவகர் வந்து பாப்பாங்க. எல்லாம் நல்லாருக்குன்னு காபி குடுத்து அனுப்பாம, கஷ்டம் இருந்தா அப்பவே சொல்லுங்க, கோபம், படுக்கைல போறது, உங்களுக்கே குழந்தை மேல ஒட்டுதல் வரல, எதுனாலும். எனக்கு ஒட்டுதல் வர நாலு மாசம் ஆச்சு, அத வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு, சொன்னதுக்கப்புறம்தான் மூச்சு வந்துச்சு. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரில குழந்தைங்க மனநலப் பிரிவு இருக்கு, தேவைன்னா போக யோசிக்காதீங்க.

அந்த நோட்டு இன்னும் கிச்சன் அலமாரில இருக்கு. அவளுக்கு இப்போ ஒடியா பாதிக்கு மேல மறந்து போச்சு, மறக்க விடக்கூடாதுன்னு பிளம்பர் அண்ணன் வரும்போதெல்லாம் அத எடுத்து வெச்சு ரெண்டு பேரும் படிப்பாங்க. நான் எழுதுனதுல எட்டு வார்த்தை தப்புன்னு அவ சிவப்பு பேனால திருத்தி வெச்சிருக்கா.